வில்லுக்கத்தியும் விளக்கவுரையும்

தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்களில் எம் பிள்ளைகள் பேச்சுப் போட்டிகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் ஆர்வத்தோடு பங்குபற்றி வருவது மகிழ்ச்சிக்குரியது. தாய்மொழியின் சிறப்பு, பொங்கல் திருநாள், ஒற்றுமையின் பயன், திருவள்ளுவரின் பெருமை ஆகிய தலைப்புகளில் அவர்கள் மடை திறந்த வெள்ளம் போலப் பேசுகின்றனர். ஆயினும் அதே பிள்ளையிடம் ஒரு மடக்குக் கத்தியைக் காட்டி, "இது எவ்வாறு திறக்கின்றது, எவ்வாறு மூடுகின்றது என்பதைத் தமிழில் விளக்குக" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே மொழி மாறிவிடும். ஜேர்மன் மொழியோ பிரெஞ்சு மொழியோ வந்து கைகொடுக்கும். பெருமை பேசத் தமிழ், பொருளைப் பேச வேற்றுமொழி என்னும் இப்பாகுபாடு நீடிக்குமாயின், அடுத்த தலைமுறையில் தமிழ் மேடைக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும். இதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றைப் பற்றிய என் கருத்தைப் பெற்றோர், மாணவர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடக்குக் கத்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் சுவிற்சர்லாந்து நாட்டின் பெயரை உலகின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. இந்நாட்டுச் சிறுவர் அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே காட்டுக்கும் முகாமுக்கும் செல்வர். அதனைப் படைத்தவர்களின் வரலாற்றிலோ, கைத்திறனும் மொழித்திறனும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்கின்றோம்.

ஈபாக் கிராமத்துப் பட்டறை

கார்ல் எல்சனர் 1860 ஆம் ஆண்டு பிறந்தவர். கத்தி செய்யும் தொழிலை முறையாகப் பயின்று, பிறநாட்டுப் பட்டறைகளிலும் வேலை செய்து அனுபவம் பெற்று, 1884 இல் சுவீற்ஸ் கன்ரோனைச் சேர்ந்த ஈபாக் என்னும் ஊரில் சொந்தப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் சுவிஸ் படையினருக்குப் புதிய துப்பாக்கி வழங்கப்பட்டது. அதனைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். தகரத்தில் அடைத்த உணவைத் திறக்க மற்றொரு கருவி வேண்டும். இவை யாவும் ஒரே கைப்பிடியில் அடங்கிய கத்தி ஒன்றைப் படை கேட்டது. அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்கத்தக்க தொழிற்சாலை நாட்டினுள் இல்லாமையால், முதலில் அவை ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து தருவிக்கப்பட்டன.

தம் நாட்டுப் படைக்கான கத்தியைத் தம் நாட்டவரே செய்ய வேண்டும் என்று எல்சனர் எண்ணினார். ஏனைய கத்தித் தொழிலாளரையும் சேர்த்துச் சங்கம் அமைத்தார். 1891 இல் படையினருக்கான கத்திகளை வழங்கத் தொடங்கினார். ஆனால் சோலிங்கன் தொழிற்சாலைகள் குறைந்த விலைக்குச் செய்து கொடுத்தமையால், உடனிருந்தோர் ஒவ்வொருவராக விலகிச் சென்றனர். எல்சனர் தனித்து நின்று கடனில் மூழ்கினார்.

அந்நிலையிலும் அவர் சிந்தனை ஓயவில்லை. படைவீரர் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதனினும் இலகுவான, அதனினும் கூடிய கருவிகள் கொண்ட கத்தியைச் செய்ய முனைந்தார். 1897 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆம் திகதி, "அதிகாரிகளுக்கும் விளையாட்டு வீரருக்குமான கத்தி" சட்டப்படி பதிவு செய்யப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றது. படையினர் கத்தியிலிருந்த கருவிகளோடு சிறிய அலகொன்றும் தக்கை திருகியும் சேர்ந்து, ஆறு கருவிகள் அதில் இருந்தன. அதனைப் படை அதிகாரபூர்வமாக வழங்கவில்லை. அதிகாரிகள் தம் பணத்திலேயே கடைகளில் வாங்கினர். அதுவே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சுவிஸ் கத்தியின் மூதாதை.

1909 இல் எல்சனரின் தாயார் விக்ரோரியா காலமானபோது அவர் பெயரையே தம் பொருளுக்குச் சூட்டினார் மகன். 1921 இல் துருவேறா உருக்கு பயன்பாட்டுக்கு வந்ததும், அதனைக் குறிக்கும் "இனொக்ஸ்" என்னும் சொல் அப்பெயரோடு இணைந்து விக்ரோரினொக்ஸ் ஆயிற்று. தொழிலில் வென்றவர் தம் தாயை மறவாத செய்தியை எம் மாணவரும் மறவாதிருத்தல் நன்று.

வில் செய்யும் வேலை

அக்கத்தியில் புதுமை எங்கே இருந்தது? இதனை அறிய மடக்குக் கத்தியின் அமைப்பைச் சற்று நோக்குவோம்.

மடக்குக் கத்தியில் அலகு, கைப்பிடி, தறையாணி, வில் என நான்கு உறுப்புகள் முக்கியமானவை. அலகின் அடிப்பகுதியில் துளையிட்டு, அத்துளையினூடாகத் தறையாணியைச் செலுத்திக் கைப்பிடியோடு பொருத்துவர். அலகு அந்த ஆணியை அச்சாகக் கொண்டு சுழலும். கைப்பிடியின் முதுகுப்புறமாக நீண்ட உருக்குத் தகடு ஒன்று கிடக்கும். அதுவே வில். அதன் ஒரு முனை அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அலகின் அடி வட்டமாக அன்றித் தட்டையான பக்கங்களும் மூலைகளும் உடையதாக வெட்டப்பட்டிருக்கும். அலகைத் திறக்கும்போது மூலை வந்து வில்லை உயர்த்துகின்றது. வில் வளைந்து விசையைச் சேமிக்கின்றது. மூலை கடந்ததும் வில் "டிக்" என்ற ஒலியோடு தட்டைப் பக்கத்தில் வந்து படிகின்றது. அலகு திறந்த நிலையில் நிற்பதும், மூடிய நிலையில் கிடப்பதும் அந்த அழுத்தத்தினாலேயே.

எங்கள் முன்னோர் இதற்கு இட்ட பெயர் வில்லுக்கத்தி. அலகு மறைந்திருக்கும் கத்தியைப் பார்த்து, அதனுள் வேலை செய்வது வில் என்பதை உணர்ந்து, அந்த உறுப்பின் பெயராலேயே கருவியை அழைத்திருக்கின்றனர். பெயரிலேயே பொறிமுறை அடங்கியிருக்கின்றது. இத்தகைய சொல்லை உடைய மொழிக்குப் பொறிகளை விளக்கும் ஆற்றல் இல்லை என்று எவரேனும் கூறின், அது பொருந்தாக் கூற்றாகும்.

எல்சனர் செய்த மாற்றம் இந்த வில்லைப் பற்றியதே. ஒரே வில் கத்தியின் ஒரு பக்கத்தில் உள்ள அலகுகளையும் முதுகுப் பக்கத்தில் உள்ள தக்கை திருகி முதலிய கருவிகளையும் ஒருங்கே அழுத்துமாறு அவர் அமைத்தார். ஆறு கருவிகளுக்கு இரண்டு விற்களே போதுமாயின. கத்தி மெலிந்தது, கனம் குறைந்தது, கருவிகள் கூடின. உருக்கும் புதிதன்று, வில்லும் புதிதன்று, அலகும் புதிதன்று. அவற்றை இணைத்த முறையே புதிது.

வில்லுக்கத்திக்கு ஒரு குறையும் உண்டு. அதிக விசை கொடுத்தால் அலகு மடங்கி விரலை வெட்டக்கூடும். எமக்கு அயலிலுள்ள பிரான்சின் சவோய் மாநிலத்தில் 1890 முதல் ஒபினெல் குடும்பத்தினர் மரப்பிடிக் கத்திகள் செய்து வந்தனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் ஒபினெல் 1955 இல் இதற்கு எளிய மாற்றுக் கண்டார். கைப்பிடியின் கழுத்தில் பிளவுடைய உருக்கு வளையம் ஒன்றைப் பொருத்தினார். அலகைத் திறந்தபின் வளையத்தைச் சிறிது திருப்பினால், பிளவு விலகி வளையம் அலகைத் தடுத்து நிறுத்துகின்றது. குறையைக் கண்டு குறைகூறி நில்லாமல் அதற்கு மாற்றுத் தேடுவோரே கண்டுபிடிப்பாளர் ஆகின்றனர்.

திறந்த மடல்

இனிக் காப்புரிமை பற்றிச் சிறிது நோக்குவோம். பேட்டன்ட் என்று மேனாட்டார் வழங்கும் சொல், திறந்திருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. எவரும் படிக்கத்தக்க திறந்த மடல் என்பதே அதன் பழம்பொருள். எம்மவருள் பலர் காப்புரிமை என்றால் இரகசியத்தைப் பூட்டி வைத்தல் என்று எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை ஒளிவு மறைவின்றி எழுதி ஊரறியச் செய்கின்றார். அதற்குக் கைம்மாறாக அரசு குறிப்பிட்ட காலத்துக்கு, இன்று பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவருடைய இசைவின்றிப் பிறர் அதனைச் செய்து விற்பதைத் தடுக்கும் உரிமையை அவருக்கு அளிக்கின்றது. காலம் முடிந்ததும் அது எல்லோர்க்கும் உரிய பொதுச்சொத்து ஆகிவிடும். இஃது ஓர் உடன்படிக்கை.

இந்த உடன்படிக்கையில் மொழிக்கு உள்ள இடத்தைக் கவனியுங்கள். அத்தொழில் தெரிந்த இன்னொருவர் படித்த மாத்திரத்தில் செய்து பார்க்கக்கூடிய தெளிவோடு விளக்கம் அமைதல் வேண்டும். படத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் இட்டு, உரையிலும் அதே எண்ணால் அதனைக் குறிக்க வேண்டும். இறுதியில், இதுவரை இருந்தது எது, இதில் புதியது எது என்று பிரித்துக் கூற வேண்டும். அடைமொழிகளுக்கு அங்கே இடமில்லை. ஒரு சொல் கூடினால் உரிமை சுருங்கும். ஒரு சொல் தவறினால் உரிமையே போய்விடும்.

சுவிற்சர்லாந்தில் கூட்டாட்சி முழுவதற்குமான காப்புரிமைச் சட்டம் 1888 இலேயே நடைமுறைக்கு வந்தது. மாதிரி செய்து காட்டக்கூடிய கண்டுபிடிப்புகளுக்கு மட்டுமே முதலில் உரிமை வழங்கப்பட்டது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. பேர்ண் நகரில் இருந்த காப்புரிமை அலுவலகத்தில் 1902 முதல் 1909 வரை பணியாற்றியவர் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன். பிறர் எழுதி அனுப்பிய விளக்கங்களைப் படிப்பதும், பொறி சொன்னபடி இயங்குமா என்று ஆராய்வதும், சொற்குற்றம் இருப்பின் திருத்துவதும் அவருடைய அன்றாட வேலை. அவ்வேலையில் இருந்தபோதே 1905 இல் அறிவியலின் போக்கை மாற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். பின்னர் லியோ சிலார்ட் என்பவரோடு சேர்ந்து குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். விண்ணையும் காலத்தையும் ஆராய்ந்தவர் குளிரூட்டும் பெட்டியைத் தாழ்வாக எண்ணவில்லை.

எம்மவரின் மரபு வேறாக இருந்தது. கொல்லரும் தச்சரும் வைத்தியரும் அரிய நுட்பங்களைச் செவிவழியாகத் தம் மக்களுக்கும் மாணாக்கருக்கும் மட்டுமே சொன்னார்கள். சித்த மருத்துவ நூல்களிற் பல, உரியவர் அன்றிப் பிறர் உணராவண்ணம் மறைபொருட் சொற்களால் எழுதப்பட்டன. அதற்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் சொல்லாமல் விட்டவை சொல்லத் தெரிந்தவரோடு மறைந்து போயின. பாக்குவெட்டியைச் செய்த கைகள் ஆயிரமாயிரம். அதன் ஆணி எங்கே அமைந்தால் குறைந்த விசையில் பாக்கு வெட்டுப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களது பட்டறிவில் எழுத்தேறியது மிகச் சிறிதே.

கருவியா, கத்தியா?

விடாமுயற்சிக்கு இன்னொரு சான்று அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரிம் லெதர்மன். பொறியியல் பட்டதாரியான அவர், 1975 இல் பழைய பியற் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். வண்டி அடிக்கடி பழுதாகும். தங்கிய விடுதிகளில் தண்ணீர்க் குழாய்கள் ஒழுகும். அவரிடம் இருந்ததோ சாரணர் கத்தி ஒன்று. அதில் எல்லாம் இருந்தன; குறடு மட்டும் இல்லை. குறடு உள்ள மடக்குக் கருவியைத் தாமே செய்வது என்று தீர்மானித்தார்.

ஒரு மாதத்தில் முடியும் என்று எண்ணிய வேலைக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. 1980 இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வாங்குவார் இல்லை. கத்தி விற்கும் நிறுவனங்கள் "இது கத்தியன்று, கருவி" என்றன. கருவி விற்கும் நிறுவனங்களும் இதனைத் தம் பொருளாக ஏற்கவில்லை. பல ஆண்டுகள் நிராகரிப்புக் கடிதங்களே வந்தன. நண்பர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, வடிவத்தை எளிமையாக்கி, 1983 இல் தாமே நிறுவனம் தொடங்கினார். முதலாண்டில் 4,000 விற்றால் போதும் என்று நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 30,000 விற்றனர். கைப்பிடிகள் இரண்டும் பின்னோக்கி மடிந்து குறட்டைத் தம்முள் மறைத்துக்கொள்ளும் அக்கருவி இன்று உலகறிந்தது. அவ்வுரிமையின் காலமும் பின்னர் முடிவுற்றது. அதற்குப் பின்னும் அவருடைய நிறுவனம் நிலைத்து நிற்கின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். காப்புரிமைப் பத்திரம் செல்வத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. எல்சனருக்கும் அவ்வாறே. 1897 இன் பதிவுக்குப் பின்னும் போட்டி ஓயவில்லை. டெலெமோன் நகரின் வெங்கர் நிறுவனமும் படைக்குக் கத்தி வழங்கியது. 1908 முதல் அரசு தன் தேவையை இருவருக்கும் பகிர்ந்தளித்தது. நூறாண்டுக் காலம் அருகருகே நின்று போட்டியிட்ட பின், 2005 இல் வெங்கர் நிறுவனத்தை விக்ரோரினொக்ஸ் வாங்கியது. உரிமை தரும் காப்பு சில ஆண்டுகளுக்கே. அதன்பின் காப்பவை தரமும் நாணயமுமே.

தடைகளும் விடைகளும்

இவ்வளவும் சரி, பிள்ளைகள் இவற்றைப் பாடசாலையில் ஜேர்மன் மொழியில் படிக்கின்றார்களே, தமிழில் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். காப்புரிமை விண்ணப்பத்தையும் தமிழில் எழுதப் போவதில்லையே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகளே. அதற்கு விடை இது: ஒரு பொருளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம் சிந்தனைப் பயிற்சி. அதனை இரு மொழிகளில் செய்யத் தெரிந்த பிள்ளை இரு முறை சிந்திக்கின்றது. மேலும், தந்தையின் தொழிலைப் பற்றியும் பாட்டியின் அரிவாள்மணையைப் பற்றியும் பேரப்பிள்ளை அவர்களிடமே கேட்டறியக்கூடிய மொழி தமிழ்தான். உணவகத்திலும் தொழிற்சாலையிலும் பொறிகளோடு நாள் முழுவதும் வேலை செய்யும் பெற்றோர் எம்மிடையே பலர். அவர்களது அறிவு பிள்ளைகளைச் சென்றடைய வேண்டுமாயின் பொதுமொழி ஒன்று வேண்டும்.

தமிழில் சொற்கள் இல்லை என்பது இன்னொரு தடை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திர சிகிச்சை முதலிய துறைகளில் தமிழில் நூல்கள் வெளிவரச் செய்தார். எம் மொழியைப் பிற்காலத்தில் கற்ற அயலவர் ஒருவருக்கு அன்றே இயன்றது எமக்கு இன்று இயலாதா? அலகு, தறையாணி, அச்சு, வில், குறடு, திருப்புளி, பல்லிணை, நெம்புகோல் என்று சொற்கள் இருக்கின்றன. இல்லாத இடத்தில் பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் குற்றம் வந்துவிடாது. வாக்கியம் தமிழாக இருந்தால் போதும்.

கத்தியைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசலாமா என்ற அச்சமும் இயல்பானதே. வயதுக்கேற்ற கருவியைப் பெரியோரின் மேற்பார்வையில் கையாளப் பழகிய பிள்ளை அதன் ஆபத்தையும் அறிந்திருக்கும். பாடசாலைக்குக் கத்தி கொண்டுவரத் தேவையுமில்லை. குடை, பாக்குவெட்டி, துவிச்சக்கர வண்டியின் மணி, கதவுப் பூட்டு ஆகிய யாவும் இதற்குப் பொருந்தும்.

என் வேண்டுகோள்

தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் போட்டிகளில் "பொருள் விளக்கம்" என ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒரு சிறு கருவியைத் தேர்ந்து, படம் வரைந்து, உறுப்புகளுக்கு எண்ணிட்டு, ஒரு பக்கத்தில் விளக்க வேண்டும். இன்னொரு மாணவர் அப்பக்கத்தைப் படித்துவிட்டு, அக்கருவியைப் பாராமலே அது இயங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடிந்தால் எழுதியவருக்குப் பரிசு. உயர் வகுப்பு மாணவர், "இதுவரை இருந்தது இவ்வாறு, இதில் உள்ள குறை இது, நான் செய்யும் மாற்றம் யாதெனில்..." என்று மூன்று வாக்கியங்களில் புதியதொன்றை முன்மொழியலாம். அழகான கையெழுத்துக்கும் மனனம் செய்த மேற்கோள்களுக்கும் மதிப்பெண் கொடுத்து வந்த நாம், தெளிவுக்கும் கொடுத்துப் பழகுவோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மருத்துவம், சட்டம், கணக்கியல் ஆகியவற்றையே உயர்வென்று எண்ணிப் பிள்ளையின் கையிலிருந்து திருப்புளியைப் பறிக்காதீர்கள். இந்நாட்டில் தொழிற்பயிற்சி பெற்றவரைச் சமூகம் மதிக்கின்றது. எல்சனரும் பட்டறையில் பயின்றவரே. பழுதான மணிக்கூட்டை எறியுமுன், மின்னிணைப்பை நீக்கி அல்லது மின்கலத்தை அகற்றி, பிள்ளையோடு அமர்ந்து கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழில் சொல்லுங்கள். தெரியாவிடில் இருவருமாகத் தேடுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பையில் உள்ள கத்தி, உங்கள் பாட்டனார் வில்லுக்கத்தி என்று அழைத்த அதே கருவிதான். அதனைத் திறக்கும்போது எழும் "டிக்" என்ற ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதை இப்போது அறிந்துகொண்டீர்கள். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அதனைத் தமிழில் உங்கள் தம்பி தங்கையருக்கு விளக்கிக் கூறுங்கள். அவர்களுக்கு விளங்கினால் உங்கள் தமிழ் நன்றாக இருக்கின்றது என்று கொள்ளலாம்.